சத்தமில்லாதது வேண்டாம்

கடைக்காரன் 'அக்கா' என்று கூப்பிட்டதுதான் லோகநாதனுக்கு முதலில் உறுத்தியது. மேடம் என்று சொல்லியிருக்கலாம், அம்மா என்று சொல்லியிருக்கலாம், ஒன்றுமே சொல்லாமல் வாங்க என்று மட்டும் சொல்லியிருந்தாலும் குடி முழுகிப் போயிருக்காது. கொளத்தூரில் வண்ணமீன் விற்கிற அந்தத் தெருவில் கடைக்குக் கடை வாசலில் நின்று வாங்க சார், வாங்க மேடம் என்றுதான் இழுக்கிறார்கள். இவன் மட்டும் ஸ்டூலை விட்டு எழுந்து, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "வாங்கக்கா" என்றான். அவருடைய மனைவி ஹேமலதாவைப் பார்த்துத்தான் சொன்னான். சாரை அப்புறம்தான் பார்த்தான். அக்காவின் வீட்டுக்காரர் மாமாவாகத்தானே ஆக வேண்டும்? அவள் அக்கா, இவர் சாரா? எங்கேயோ இடிக்கிறது. எங்கேயாவது இடித்தால் லோகநாதனுக்குச் சோறு இறங்காது. தொழில் அப்படி. எரிந்த கடை, வெள்ளத்தில் மூழ்கிய கார், களவுபோன சரக்கு என்று ஜனங்கள் இன்சூரன்ஸ் கேட்கும்போது அது நிஜம்தானா என்று நேரில் போய்ப் பார்த்து எழுதுகிற சர்வேயர் அவர். எரிந்த இடத்துக்குப் போனால் எரிந்ததைப் பார்க்கக் கூடாது, எரியாததைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. பாரிமுனைப் பக்கம் ஒரு துணிக்கடை, உள்ளே எல்லாம் கரி, முதலாளி மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார், சுவரில் வரிசையாக மூன்று ஆணி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆணிக்குக் கீழே கண்ணாடிச் சில்லு இல்லை. கடையைக் கொளுத்தத் துணிந்தவனுக்குச் சாமியைக் கொளுத்தத் துணிவு வரவில்லை, முதல் நாளே படங்களைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். "படமெல்லாம் எங்கங்க?" என்று லோகநாதன் கேட்டதும் அழுகை நின்று அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் காட்சியை இப்போது நினைத்தாலும் லோகநாதனுக்கு ஒரு வாய் நல்ல காபி குடித்த மாதிரி இருக்கும். முன்கூட்டியே எது நகர்ந்தது என்று பார், விஷயம் தன்னால் வரும். ஹேமலதா மீன்தொட்டி வேண்டும் என்று வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, அவள் படுக்கிற பக்கம் கட்டிலோரமாக இருந்த, துணி மடித்து வைக்கிற மேஜை நகர்ந்து ஹாலுக்குப் போய்விட்டது. தூசி சேருகிறது என்றாள். தூசிக்காக எவளாவது மேஜையை நகர்த்துவாளா? துடைப்பாள்.

கடை ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் தொட்டிகள், நடுவில் ஓர் ஆள் நடக்கிற வழி, நீல வெளிச்சம், ஈர ஸ்பாஞ்சின் நாற்றம். சாப்பாட்டு வேளை என்பதால் வேறு வாடிக்கை இல்லை. வெளியே தார் இளகுகிற வெயிலும் உள்ளே குமிழி விடுகிற தண்ணீருமாக, ஏதோ வேறு ஊருக்குள் நுழைந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. டில்லிபாபு ("அக்கா" புகழ் கடைக்காரன், பெயர் வெளியே பலகையில் இருக்கிறது, முப்பத்தைந்து வயதிருக்கும், தலைக்கு ஏதோ வாசனை எண்ணெய்) லோகநாதனுக்கு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டான். ஹேமலதாவுக்குப் போடவில்லை. போட வேண்டிய அவசியமே இல்லாமல் அவள் நேராகக் கடைக்கோடிக்குப் போய், அங்கே ஓடிக்கொண்டிருந்த ஒரு பெரிய தொட்டியின் பக்கத்தில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். வாசலருகிலேயே இரண்டு நாற்காலி இருக்கிறது. ஃபேன் அங்கேதான் சுற்றுகிறது. அதையெல்லாம் தாண்டிப் போய், காற்றில்லாத மூலையில், யாரும் காட்டாமல், இதுதான் என் நாற்காலி என்கிற மாதிரி உட்கார ஒரு பொம்பளைக்கு எப்படி முடியும்? லோகநாதனுக்கு மூக்கில் வேர்த்தது. "டீ சொல்லட்டா சார்? அக்கா குடிக்க மாட்டாங்க" என்றான் அவன். குடிக்க மாட்டாங்க! காபி டீயை அவள் விட்டது கட்டின புருஷனுக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, ஏன் என்று கேட்டதற்கு "ஒத்துக்கலைங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டாள். இவனுக்கு யார் சொன்னது? எப்போது சொன்னது? வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு லோகநாதன் ஒரு தொட்டிக்குள் பார்ப்பது போல நின்றுகொண்டார். கண்ணாடியில் மீனும் தெரிந்தது, மீனுக்குப் பின்னால் அவன் முகமும் தெரிந்தது. "போன தடவை சொன்னேனேக்கா, அந்த மோட்டார் வந்துடுச்சு" என்று அந்த முகம் சொன்னது. போன தடவை. போன தடவை என்று ஒன்று இருந்தால் அதற்கு முந்தைய தடவை என்று ஒன்று இருக்கும். அந்தத் தடவைகள் எல்லாம் லோகநாதன் எங்கே இருந்தார்? செங்கல்பட்டில் கவிழ்ந்த லாரிக்கு அடியில் குனிந்து அச்சு தேய்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். ஊரான் பொய்யைத் தேடி ஊர் ஊராக அலைந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

"சார் நல்லா கேட்டுக்குங்க, அப்புறம் என்னைத் திட்டக் கூடாது" என்று டில்லிபாபு ஆரம்பித்தான். உப்புத்தண்ணித் தொட்டியில் மீன் பெரிய விஷயமில்லையாம், ஃபில்டர்தான் விஷயமாம். "மூணு ரகம் இருக்கு. இது விளிம்புல தொங்க விடறது. நல்ல தண்ணி மீனுக்கு ஓகே, உப்புத்தண்ணிக்கு நான் குடுக்க மாட்டேன். இது கேனிஸ்டர். டப்பா மாதிரி மூடியே இருக்கும், கீழ அலமாரில வெச்சு கதவைச் சாத்திட்டா ஓடறதே தெரியாது. பெட்ரூம்ல வெக்கறவங்க எல்லாம் இதான் வாங்கறாங்க. மூணாவது, அதோ அக்கா பக்கத்துல ஓடுதே, அது சம்ப். தொட்டிக்குக் கீழ இன்னொரு தொட்டி. மேல தண்ணி குழாய் வழியா கீழ விழும், அங்க சுத்தமாகி மோட்டார்ல திருப்பி ஏறும். மீனுக்கு இதான் பெஸ்ட். ஆனா பொய் சொல்ல மாட்டேன், சத்தம் இருக்கும் சார். மொட்டை மாடில டேங்க் ரொம்பி வழியற மாதிரி கேட்டுட்டே இருக்கும்." பொய் சொல்ல மாட்டேன் என்று தானாக முன்வந்து சொல்கிறவனை லோகநாதன் தன் வாழ்நாளில் நிறையப் பார்த்திருக்கிறார். ஆனால் இதில் பொய் எங்கே என்றுதான் பிடிபடவில்லை. விலை அதிகமானதைத் தலையில் கட்டப் பார்க்கிறானா என்றால், இல்லை, கேனிஸ்டரைத்தான் தள்ளுகிறான். "அதுக்குள்ள ஒரு குழாய் நுரைக்குதே, அது என்ன?" என்று லோகநாதன் சும்மா ஒரு கேள்வியைப் போட்டார். பதில் அவனிடமிருந்து வரவில்லை, மூலையிலிருந்து வந்தது. "அது ஸ்கிம்மருங்க. தண்ணியை நுரையாக்கி அழுக்கை மட்டும் மேல தள்ளும். தள்ளினது அந்தக் கப்புல சேரும்." சொன்னவள் ஹேமலதா. மிக்ஸி ஜாரின் பிளேடைக் கழற்றத் தெரியாமல் அவரைக் கூப்பிடுகிற ஹேமலதா. டில்லிபாபு சிரித்தான். "அக்காவுக்கு எல்லாம் தெரியும் சார்." லோகநாதனும் சிரித்தார், சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடும் என்பதற்காக.

கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று எதையும் கேட்டவள் இல்லை அவள். மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் இரண்டு பேரும் மூன்று ஃபேனும்தான் மிச்சம், பேச்சு என்றால் உப்பு போதுமா, கேட்டைப் பூட்டியாச்சா, அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் திடீரென்று ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே, "பெட்ரூம்ல ஒரு மீன்தொட்டி வெச்சுக்கலாங்களா" என்றாள். லோகநாதனுக்குக் தட்டிலிருந்து ரசம் வழிந்ததுகூடத் தெரியவில்லை. வெச்சுக்கோயேன், தங்கமீன் ரெண்டு வாங்கி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் விடு, அழகாக இருக்கும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிப் பார்த்தார். அது வேணாம், அது சும்மா கெடக்கும், கடல் மீன்தான் வேணும் என்றாள். இருப்பதிலேயே கஷ்டமானதைக் கேட்கிறாள். கேட்கும்போது கண்ணுக்குக் கீழே அந்தக் கருப்பு வளையம் இன்னும் கருப்பாகத் தெரிந்தது. அந்த வளையத்தையும் அவர் குறித்துக்கொண்டுதான் இருக்கிறார். பகலில் மத்தியான வேளையில் போன் செய்தால் தூக்கக் கலக்கத்தோடு எடுக்கிறாள், ஆட்டோவில் போனால் கம்பியில் தலை சாய்ந்துவிடுகிறது, அடுப்பில் பால் பொங்குகிறதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள், அணைப்பதில்லை. எங்கேயோ மனசு இருக்கிறவள்தான் பாலை அப்படிப் பார்ப்பாள். எங்கே? யாரிடம்? இந்த வாசனை எண்ணெய்த் தலையனிடமா? சே, அக்கா என்கிறான். அக்கா என்று கூப்பிட்டால் எவனும் சந்தேகப்பட மாட்டான் என்று தெரிந்துதானே கூப்பிடுகிறான். அப்படிப் பார்த்தால் மேடம் என்று கூப்பிட்டிருந்தால் சந்தேகம் தீர்ந்திருக்குமா? அதுவும் இல்லை, என்னிடம் மட்டும் மேடம் என்று நடிக்கிறான் என்றுதான் தோன்றியிருக்கும் என்று லோகநாதனுக்கே தெரிந்தது. தெரிந்தும் என்ன செய்ய. மனசு ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டால் முள்ளில் மாட்டிய சேலை மாதிரி, இழுக்க இழுக்கக் கிழிகிறதே தவிர விடுவதில்லை.

"நைட்ல மோட்டாரை நிறுத்தி வெச்சுக்கலாம் இல்ல?" என்று கேட்டார். கரண்டு மிச்சம் என்று சொல்லிக்கொண்டார், ஆனால் கேட்டது அதற்காக இல்லை, அவள் முகத்தைப் பார்ப்பதற்காக. "ஐயோ, நிறுத்தவே கூடாது சார்" என்று பதறினான் டில்லிபாபு. "ஸ்பாஞ்சுலயும் கல்லுலயும் நல்ல கிருமி வளரும். அதுதான் மீனோட கழிவைத் தின்னு தண்ணியக் காப்பாத்துது. ஓட்டம் நின்னா அது செத்துடும், பின்னாலயே மீனும் போயிடும். கரண்டு போனாக்கூட ஓடணும்னு பேட்டரி வெக்கறோம்." நிறுத்தவே கூடாது என்று அவன் சொன்னபோது ஹேமலதாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனதை லோகநாதன் பார்த்தார். சந்தோஷம்தான் அது, வேறெதுவும் இல்லை. மகள் பாஸான அன்று வந்த மாதிரி. ஒரு மோட்டார் நிற்காது என்பதில் ஒரு மனுஷிக்கு இத்தனை சந்தோஷம் என்ன இருக்க முடியும்? சரி, அதற்கும் ஒரு சமாதானம் சொல்லலாம், மீன் மேல் பிரியம் என்று. ஆனால் அடுத்ததற்கு என்ன சமாதானம்? "சம்ப்தான் வேணும்னா சத்தத்தைக் கொறைக்க வழி இருக்குக்கா. குழாய் வாயில ஒரு வளைவு போட்டு வால்வு வெச்சுட்டா தண்ணி வழுக்கிட்டு எறங்கும், முக்கால்வாசி சத்தம் அடங்கிடும். தனியா துட்டுகூட வேணாம், நானே போட்டுத் தர்றேன்" என்று அவன் சொல்ல, அவன் வாயை மூடுவதற்குள் "வேணாம்" என்றாள். "வளைவெல்லாம் வேணாம். தண்ணி நேராவே விழட்டும்." ஹேமலதா இப்படி வெட்டினாற்போலப் பேசி அவர் கேட்டதில்லை. கடைக்காரனே ஒரு கணம் அவரைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை நிஜமானதாகத்தான் இருந்தது, அவனுக்கும் புரியவில்லை. அப்படியானால் இது அவன் யோசனை இல்லை, அவளுடையது. இலவசமாகக் கிடைக்கிற நிம்மதியை ஒருத்தி வேண்டாம் என்கிறாள் என்றால் அவளுக்கு வேண்டியது மீன் இல்லை, தண்ணீர் இல்லை, சத்தம். ஆணிக்குக் கீழே கண்ணாடிச் சில்லு இல்லை என்று பார்த்த அன்றைக்கு வந்த அதே குளிர்ச்சி லோகநாதனின் பிடரியில் ஏறியது.

சத்தம் எதற்கு? எதையோ மறைக்க. படுக்கையறையில், அவள் தலைமாட்டில், இரவெல்லாம் ஓடுகிற சத்தத்துக்குள் எது ஒளிந்துகொள்ள முடியும்? பேச்சு. போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு குசுகுசுவென்று பேசினால் பக்கத்தில் படுத்திருக்கிறவனுக்குக் கேட்காது. அதனால்தான் பகல் தூக்கம், அதனால்தான் கண்ணில் வளையம், அதனால்தான் பால் பொங்கியது. எல்லாம் அச்சில் வார்த்த மாதிரிப் பொருந்தியது. பொருந்தாத ஒன்றே ஒன்று, அந்த போனில் எதுவும் இல்லை என்பது. இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும் என்றால், தெரியும். போனை எடுத்து நோண்டுவது என்று சொன்னால் கேவலமாக இருக்கிறது, லோகநாதன் மனசுக்குள் அதற்கு வைத்திருக்கிற பெயர் 'ஒரு பார்வை'. ஹாலில் சார்ஜில் கிடக்கும் அவள் போனை, அவள் தூங்கின பிறகு போய், ஒரு பார்வை. தினமும் இல்லை. தினமும் என்றால் அது வியாதி. அநேகமாக தினமும். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால், சமையலறையில் அவள் போனில் சிரித்துக்கொண்டிருந்தவள் அவர் உள்ளே வந்ததும் குரலைத் தாழ்த்தினாளே, அன்றைக்கு. யார் என்றதற்கு மதுராந்தகத்தில் இருக்கிற தன் அக்கா என்றாள். பார்த்தார், அக்காதான். அக்காவோடு பேசுகிறவள் எதற்குக் குரலைத் தாழ்த்துகிறாள்? அந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் நிறுத்திவிடலாம் என்றுதான் அவரும் பார்க்கிறார். கிடைப்பதெல்லாம் மகள் அனுப்பிய காய்ப்பொரியல் படம், எதிர்வீட்டம்மாவின் கோலம், மீன் வீடியோ. வெறும் கையோடு திரும்பி வந்து படுத்தால் அன்றைக்கு மட்டும் நிம்மதியாகத் தூக்கம் வரும், மறுநாள் மறுபடி பசி எடுப்பது மாதிரி எடுக்கும். இதற்கெல்லாம் அடியில் இருப்பது கோபம் இல்லை, பயம் என்பது லோகநாதனுக்கு எப்போதாவது, குளிக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றுகிற அந்த ஒரு விநாடியில், தெரியும். அவளுக்குத் தன்னால் ஆக வேண்டியது எதுவுமே இல்லையோ என்கிற பயம். அவள் போய்விட்டால் அந்த மூன்று ஃபேனுக்கு நடுவில் தான் ஒருத்தனாக உட்கார்ந்திருப்பதைக் கற்பனை செய்து பார்த்து, சோப்பு நுரையோடு அப்படியே நின்றிருக்கிறார். அவளை அவருக்குப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். அதைச் சொல்லத் தெரியாதவர் போனை எடுத்துப் பார்க்கிறார்.

"அந்தப் பேட்டரின்னீங்களே, அதைக் கொஞ்சம் காட்டுங்க" என்று டில்லிபாபுவை அனுப்பினார். அவன் மாடியில் இருக்கு சார் என்று பின்பக்கத்து இரும்பு ஏணியில் ஏறிப் போனான். லோகநாதன் நடுவழியில் நடந்து மூலைக்குப் போனார். கிட்டப் போகப் போக சம்பின் இரைச்சல் கூடியது. உப்பு வாசனை. மேல்தொட்டியில் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு மீன் தன் உடம்பை ஆட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. "இங்க எத்தனை வாட்டி வந்திருக்கே?" என்று கேட்டார். குரல் சர்வேக்குப் போன இடத்துக் குரலாக வந்துவிட்டது. ஹேமலதா மீனைப் பார்த்தபடியே "நாலஞ்சு வாட்டி இருக்குங்க" என்றாள். தடுமாறவில்லை. தடுமாறாததும் ஒரு குற்றமாகத் தோன்றியது. "எங்கிட்ட சொல்லவே இல்ல." "சொன்னா எதுக்குன்னு கேப்பீங்க." "வந்து என்ன பண்ணுவே?" "உக்காந்திருப்பேன்." "யாரோட?" வாயை விட்டு வெளியே வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப விழுங்க முடியவில்லை. ஹேமலதா திரும்பி அவரைப் பார்த்தாள், கோபம் எதுவும் இல்லை, அடுப்பில் பாலைப் பார்க்கிற அதே பார்வை. "சத்தம் எதுக்குன்னு கேளுங்க. அதைத்தானே அப்பப் புடிச்சு யோசிக்கறீங்க" என்றாள். அவளே சொன்னாள். "நீங்க ராத்திரி எழுந்து போறது எனக்குக் கேக்குதுங்க. முதல்ல உங்க முட்டி சொடுக்கும். அப்புறம் கதவு. அப்புறம் சார்ஜர்லேர்ந்து போனைக் கழட்டினா ஒரு டொக்கு. நீங்க என்னமோ சத்தமே போடாம போயிட்டு வர்றதா நெனச்சுட்டிருக்கீங்க. பாருங்க, பரவால்ல, அதுல என்ன இருக்கு பாக்கறதுக்கு. போன் பூட்டை மாத்தினா இன்னும் சந்தேகப்படுவீங்கன்னுதான் மாத்தாம வெச்சிருக்கேன். திரும்பி வந்து படுத்தா ரெண்டு நிமிஷத்துல குறட்டை விடறீங்க. எனக்குத்தான் அப்புறம் கண்ணை மூட முடியல. இன்னிக்கு என்னத்தப் பாத்திருப்பாரு, அக்கா அனுப்பினதுல என்னத்தக் கண்டுபுடிச்சிருப்பாருன்னு விடிய விடிய கெடக்கறேன். காபிய விட்டுப் பாத்தேன். மாத்திரை போட்டுப் பாத்தேன். இந்தத் தண்ணி விழற எடத்துலதான் ஒண்ணும் கேக்கல." லோகநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இனிமே மாட்டேன் என்றுதான் சொல்ல வந்திருப்பார். அதையும் அவளே எடுத்துக்கொண்டாள். "மாட்டேன்னு சொல்லாதீங்க. நீங்க நிறுத்திட்டாலும் நான் முழிச்சுட்டுதான் இருப்பேன், இன்னிக்கு எழுந்திருக்கறாரா இல்லையான்னு. எனக்கும் ஒட்டிக்கிச்சு. அதனாலதான் நிறுத்தவே முடியாத மோட்டாரா கேட்டேன்."

காது இரண்டும் சுட்டது. அவமானம் என்பது முகத்தில் வரும் என்பார்கள், லோகநாதனுக்குக் காதில்தான் வந்தது. எத்தனை பேரைத் தரையில் உட்கார வைத்திருக்கிறார், உட்காருவது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. உட்காரத்தான் இடமில்லை. இவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒன்றும் சொல்லாமல் பிடித்துக்கொண்டால் போதும் என்று நினைத்தார். நினைத்த அதே மூச்சில், அழைக்காமல், பக்கவாட்டிலிருந்து எலி மாதிரி ஓடி வந்தது அது: அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் பார்க்கிறேன் என்று தெரிந்திருக்கிறது. தெரிந்தவள் போனில் எதை வைத்திருப்பாள்? வைத்திருந்தாலும் அழித்திருப்பாளே? சீ என்று தலையை உதறினார். உதறியும் போகவில்லை. தன் மண்டைக்குள் குடியிருப்பது தான்தானா என்று லோகநாதனுக்கு முதல்முறையாகப் பயமாக இருந்தது, ஹேமலதா போய்விடுவாளோ என்கிற பயமெல்லாம் இதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஏணியில் காலடி கேட்டது. "இதோ சார் பேட்டரி" என்று வந்தவனிடம் ஹேமலதா, எதுவுமே நடக்காத குரலில், "பாபு, இதைவிடப் பெரிய மோட்டார் வந்துடுச்சுன்னியே, அதைப் போட்டு ஓட விடேன், கேக்கறேன்" என்றாள். அவன் குனிந்து எதையோ கழற்றி எதையோ மாட்டினான். தண்ணீர் ஒரு தரம் இருமிவிட்டு மளமளவென்று கொட்டத் தொடங்கியது. அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, பின்னந்தலையைச் சுவரில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "என்னங்க, கொஞ்சம் நடந்து பாருங்க" என்றாள். "அந்தக் கோடி வரைக்கும். அந்த ஷட்டரையும் ஆட்டுங்க."

நடந்தார். ஊரில் எத்தனையோ புருஷன்மார் பெண்டாட்டி சொன்னபடி கடையில் நடந்திருப்பார்கள், செருப்பு வாங்கும்போது. வாசல் வரைக்கும் போய் ஷட்டரைப் பிடித்து ஆட்டினார், திரும்பி வந்தார், தரையில் குதிகாலை அழுத்தி வைத்து மறுபடி போனார், ஒரு தொட்டியின் மூடியைத் தட்டினார். இருபக்கமும் மீன்கள் அவரோடு கொஞ்ச தூரம் வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. "கேக்குதா?" என்றார். மூடின கண்ணை அவள் திறக்கவில்லை. தண்டனையா இது, நிஜமாகவே கேட்கவில்லையா? "ஹேமா, கேக்குதா?" கிட்டத்தில் போய்ப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கழுத்து ஒரு பக்கம் சரிந்து, புருவத்துக்கு நடுவில் எப்போதும் இருக்கிற அந்தச் சுருக்கம் அவிழ்ந்து, மகள் பிறந்த புதிதில் இருந்த முகமாகக் கிடந்தது. "தூங்கிட்டாங்களா? வந்தா இப்படித்தான் சார்" என்றான் டில்லிபாபு தணிந்த குரலில். "முதல் தடவை மயக்கம் போட்டுட்டாங்கன்னு பயந்துட்டேன். டீ வாங்கிக் குடுத்தேன், வேணாம் தம்பி, அதைக் குடிச்சா தூக்கம் போயிடும்னாங்க. அப்புறம் நான் எழுப்பறதே இல்ல. ஒரு மணி நேரம் நல்லா தூங்கிட்டு, தேங்க்ஸ் சொல்லிட்டுப் போவாங்க. வீட்ல எதுனா பிரச்சனையா சார்?" லோகநாதன் "சத்தம்" என்றார். வேறு வார்த்தை அகப்படவில்லை. "தெருவுல ஒரே சத்தம்." அவன் பாவம் என்று தலையாட்டிவிட்டு, வாசலில் யாரோ புழு பாக்கெட் கேட்டு வர, அங்கே போனான்.

அவள் மடியிலிருந்த கைப்பை நழுவியது. லோகநாதன் சட்டென்று குனிந்து பிடித்தார். பிடித்ததில் தப்பில்லை, பிடிக்காவிட்டால் கீழே ஈரத்தில் விழுந்திருக்கும். பையின் வெளி அறையிலிருந்து போன் பாதி வெளியே வந்திருந்தது, அதை உள்ளே தள்ளத்தான் தொட்டார். தொட்டபோது திரையில் வெளிச்சம் வந்தது, ஏதோ செய்தி. பார்க்கக் கூடாது என்று நினைத்தார். முழு மனதோடு, கண்ணில் நீர் முட்ட, பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தார். நினைத்துக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரல் பழகின வழியில் போய்ப் பூட்டைத் திறந்துவிட்டது. காஸ் சிலிண்டர் நாளை வருகிறது என்று போட்டிருந்தது. இரண்டு தரம் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்தார், கையில் போன் எரிந்துகொண்டிருந்தது, ஒரு முழ தூரத்தில் ஹேமலதா அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். விரல் பட்ட டிக்கும் கேட்கவில்லை, அவர் மூச்சும் கேட்கவில்லை. தண்ணீர் நேராக விழுந்துகொண்டிருந்தது. "என்ன சார், சத்தம் ஜாஸ்தியா இருக்கா? அந்த வளைவு போட்டுடட்டா?" என்று டில்லிபாபு வாசலிலிருந்து கேட்டான். லோகநாதன் போனைப் பைக்குள் வைத்து, பையை அவள் மடியில் வைத்து, விழாதபடி தன் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்பா" என்றார். "இதையே குடு. இவங்களுக்கு ஒண்ணும் கேக்கல."